பயந்துபோன அரசாங்கம்

எனக்குப் பயம் அதிகம். மழை வலுத்தால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குள் வண்டிகள் திரும்புகிற வேகத்துக்கு அஞ்சி ஓரமாக ஒதுங்கி நின்று, ஏற வேண்டிய பஸ்ஸைப் பலமுறை கோட்டை விட்டிருக்கிறேன். இப்படிப்பட்டவன் பிழைப்புக்காக ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தினேன். அதிலும் என் பங்குக்கு வந்தது பிரிட்டிஷ் அரசியலமைப்பு.

அவர்களிடம் அரசியலமைப்பு என்று எழுதிவைத்த ஒரே புத்தகம் கிடையாது. பாதிக்குமேல் வழக்கம்தான் சட்டம். நாடாளுமன்றம் நிறைவேற்றியதற்கு ராணி கையெழுத்துப் போட மறுக்க மாட்டார், ஏனென்றால் மறுத்து வழக்கமில்லை. தேர்தலில் தோற்ற பிரதமர் மறுநாளே பெட்டியைக் கட்டுவார், ஏனென்றால் அதுதான் வழக்கம். காலத்துக்கு ஏற்ப வளையும், முறியாது. 'நெகிழும் அரசியலமைப்பின் நன்மைகள் யாவை?' என்பது எங்கள் தேர்வுகளில் அடிக்கடி வருகிற கேள்வி. தீமைகள் யாவை என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

என் மனைவி குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். நான் எவ்வளவு பயந்தவனோ அவள் அவ்வளவு தைரியசாலி. பல்லி விழுந்தால் நான் பஞ்சாங்கத்தைத் தேடுவேன், அவள் துடைப்பத்தைத் தேடுவாள். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த ஆண்டுகளில் டாக்டருக்குப் படித்தவர்கள் பலர் மேற்பயிற்சிக்கு இங்கிலாந்து போனார்கள். அவளும் போனாள். வடக்கு இங்கிலாந்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. இரவு டியூட்டியும் விடுதியில் ஒற்றை அறையுமாக இருந்ததால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. எங்கள் பெண் அப்போதுதான் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தாள்.

திட்டம் எளிமையானது. பயிற்சியின் முதல் கட்டம் முடிந்து அடுத்த கட்ட வேலை கிடைத்ததும் வீடு எடுத்துக்கொள்வாள், நானும் குழந்தையும் போய்ச் சேர்ந்துகொள்வோம். அதுவரை குழந்தை அம்மாவை மறக்காமல் இருக்க வேண்டும். என்னிடம் இருந்த பயம் அத்தனையும் இந்த ஒன்றில் வந்து குவிந்தது. அம்மாவின் போட்டோவைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தால் குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பியாவது பேச வைப்பேன்.

நாங்கள் இருந்தது சின்னக் காஞ்சிபுரத்தில், மாமனார் வீட்டில். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று தெருவில் கேலி செய்வார்கள், அதற்கும் பழகிவிட்டேன். மாமனார் ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார். அதைவிட முக்கியம், அவர் பெருமாள் கோயில் கோஷ்டியில் ஒருவர். கோஷ்டி என்றால் சுவாமிக்கு முன்னால் வரிசையாக நின்று பாசுரம் ஓதுகிறவர்கள். அந்த வரிசையில் யார் எங்கே நிற்பது, யார் முதலில் தொடங்குவது என்பது எங்கள் தெருக்களில் விளையாட்டான விஷயம் இல்லை. இரண்டு பிரிவாருக்குள், வெள்ளைக்காரன் காலத்திலேயே கோர்ட் படி ஏறிய சண்டை அது. தாத்தா போட்ட வழக்கில் பேரன் சாட்சி சொன்ன வீடுகள் உண்டு. எந்த ஜட்ஜாக இருந்தாலும் கேட்டது ஒரே கேள்விதான் என்பார் மாமனார்: இத்தனை நாளும் வழக்கம் என்ன? அந்த இடத்தில் நின்றது யார்?

அதனால் அங்கே ஒரு பழக்கம். நிற்கிற இடத்தை விடக் கூடாது. காய்ச்சலானாலும் கல்யாணமானாலும் வீட்டிலிருந்து ஓர் ஆள் போய் நின்றாக வேண்டும். ஒரு நாள் விட்டால், அன்றைக்கு அவர்கள் வரவில்லையே என்று எதிர்த் தரப்பு கிளப்பும். நாளைக்கு அதுவே வழக்கமாகிவிடும். மஞ்சள் காமாலையோடு மாமனார் தூணில் சாய்ந்தபடி நின்று ஓதியதை என் மனைவி சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். வெள்ளைக்காரர்களிடம் அவருக்கு ஒரு தனி மரியாதை.

"அவா வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவா மாப்ளே. ஒருத்தருக்குக் கொடுத்தத நடுவுல பிடுங்க மாட்டா."

ஒரு தேசத்தையே பிடுங்கி வைத்துக்கொண்டு இருந்தவர்கள்தானே என்று எனக்கு வாய்வரை வரும். மாமனாரிடமும் எனக்குப் பயம் என்பதால் விழுங்கிவிடுவேன்.

அவள் போன கொஞ்ச நாளில் லண்டன் சுரங்க ரயில்களில் குண்டு வெடித்தது. அவள் இருந்த ஊர் லண்டனிலிருந்து வெகுதூரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அடுத்து வந்த செய்தி இன்னும் மோசம். குண்டு வைக்க வந்தவன் என்று நினைத்து, ஒரு பாவமும் அறியாத வேற்று நாட்டுப் பையன் ஒருவனைப் போலீஸார் ரயில் பெட்டிக்குள்ளேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நான் உடனே போன் போட்டு, ரயிலில் ஏறாதே, ஓடாதே, முதுகில் பை மாட்டாதே என்று வரிசையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். "டாக்டர்னா ஓடாம இருக்க முடியுமான்னா? கொழந்தைக்கு மூச்சுத் திணறினா நடந்தா போவா?"

அன்றிலிருந்துதான் நான் லண்டன் பத்திரிகைகளைப் படிக்கத் தொடங்கினேன். பிள்ளையார்பாளையத்தில் கல்லூரிக்குப் போகிற வழியில் ஒரு பிரவுசிங் சென்டர். சுவருக்கு அந்தப் பக்கம் கடைக்காரரின் அண்ணன் வீட்டுத் தறி ஓடும், இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் மேசை அதிரும். பாடம் நடத்துவதற்காகப் படித்த நாடு வேறு, பத்திரிகையில் பார்த்த நாடு வேறு. பாடப் புத்தகத்தில் நாடாளுமன்றம், மந்திரி சபை, எதிர்க்கட்சி எல்லாம் கோயில் சிலை மாதிரி அந்தந்த இடத்தில் அமைதியாக இருக்கும். பத்திரிகையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்சியில் இருந்தவர்கள் தொழிலாளர் பெயரைச் சொல்லி வளர்ந்த கட்சிக்காரர்கள். மூன்றாம் முறையாக ஜெயித்திருந்தார்கள். ஆனால் ஜெயித்த களை முகத்தில் இல்லை. இல்லாத ஆயுதத்தைத் தேடி ஒரு யுத்தத்துக்குப் போன பழி தலைமேல் இருந்தது. பிரதமருக்கு நாற்காலியை விட மனமில்லை, நிதியமைச்சருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கூட்டம், ஒரு கூட்டம் மற்றதைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் கோள் சொல்லிக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிக்குப் புதிதாக வந்த இளவயதுத் தலைவர் இந்தச் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டே வளர்ந்தார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இவற்றுக்கு நடுவே வெளிநாட்டவர்கள் அதிகமாக வந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் தினமும் கூச்சல் போட்டன. மே மாதத்தில் அங்கே உள்ளாட்சித் தேர்தல் வேறு.

"இன்னா சார், தெனிக்கும் லண்டன் பேப்பரே படிச்சிக்கினு இருக்கீங்க?" என்றார் கடைக்காரர். "நம்ம ஊர்லயே எலெக்‌ஷன் வருது. கலர் டிவி குடுக்கறேன்னு சொல்லிக்கினு இருக்கறாங்க. அத்த உட்டுட்டு..."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ ஜெயிச்சும் பயந்துக்கினுதான் இருக்கறாங்களா?"

என்னுடைய புரொபசர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. பயந்தவன் என்ன செய்வான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதில் எனக்கு வாழ்நாள் அனுபவம். திருடன் எந்த வழியாக வந்தான் என்று அவன் பார்க்க மாட்டான். கைக்கு எட்டுகிற கதவைச் சாத்துவான். அந்தக் கதவுக்கு வெளியே நிற்பது யார் என்றும் பார்க்க மாட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்று சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது வழியெல்லாம் இதே நினைப்பு. என் மனைவிதான் அவர்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தாள்.

பங்குனியில் கதவு சாத்தப்பட்டது. அதுவரை எங்களைப் போன்ற நாடுகளிலிருந்து போன டாக்டர்கள் தனி அனுமதி இல்லாமலே பயிற்சி வேலையில் சேரலாம், அதற்குரிய காலம்வரை தங்கலாம். இனிமேல் உள்ளூரிலோ ஐரோப்பாவிலோ ஆள் கிடைக்கவில்லை என்று ஆஸ்பத்திரி நிரூபித்தால்தான் வெளியாளுக்கு வேலை. அறிவித்த சில வாரங்களில் அமலுக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே வந்து பாதிப் பயிற்சியில் நிற்பவர்களுக்கும் அதே விதிதான். இதற்காக நாடாளுமன்றத்தில் பெரிய விவாதமோ வாக்கெடுப்போ நடக்கவில்லை. இப்படிப்பட்ட விதியை அமைச்சர் நாடாளுமன்றத்தின் முன் வைத்தால் போதும், யாரும் எதிர்க்காவிட்டால் அதுவே சட்டம். இந்த முறையை நானே கரும்பலகையில் எழுதி நடத்தியிருக்கிறேன். நெகிழ்ச்சிக்கு அது நல்ல எடுத்துக்காட்டு என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. காமன்வெல்த் நாட்டுக்காரி என்பதால் அவளுக்கு அங்கே ஓட்டு இருந்தது. ஆளுங்கட்சி வேட்பாளர் விடுதிக் கதவைத் தட்டி, உங்கள் ஆஸ்பத்திரியை நாங்கள் காப்பாற்றுவோம் என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். "ஆஸ்பத்திரிய காப்பாத்துவேள் சரி, அதுல இருக்கற என்னை?" என்று இவள் இங்கிலீஷில் கேட்டிருக்கிறாள். அவர் தன் கட்சி மந்திரியின் விதி தனக்கே தெரியாது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, பக்கத்து அறையைத் தட்டப் போய்விட்டாராம். போனில் இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு வியர்த்தது. அவர் இவள் பெயரை எழுதிக்கொண்டு போயிருப்பாரோ என்று அன்று முழுவதும் கவலைப்பட்டேன்.

அவளுடைய முதல் கட்டப் பயிற்சி ஆடியோடு முடிகிறது. அடுத்த வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டாக வேண்டும். வைகாசியில் கருட சேவைக்கு ஊருக்கு வர விடுமுறை சொல்லி, டிக்கெட்டும் வாங்கி வைத்திருந்தாள். குழந்தை அவளைத் தொட்டுப் பார்த்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியிருந்தது. இந்த நிலைமையில் வருவதா, வேண்டாமா? கூடத்தில் மாமனார் ஊஞ்சலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வர வேண்டாம்னு சொல்லுங்கோ. இப்போ அவ நிக்கற எடத்த விட்டு நகரப்படாது. போனவாள்ளாம் போனவாதான்னு எழுதிடுவா. நின்னுண்டே இருந்தா, இத்தனை நாளா இருக்காளே, வேலை பாக்கறாளேன்னு நாளைக்கு ஒரு ஜட்ஜ் கேப்பான்."

"விசா இருக்கறவா போயிட்டு வரலாம்னுதான் போட்டிருக்கு" என்றேன் மெல்ல.

"போட்டிருக்குன்னா? போட்டிருந்ததத்தானே இப்ப அழிச்சிருக்கா?"

பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை. வந்தால் திரும்ப விடுவார்களோ என்று ஒரு பயம், வராவிட்டால் குழந்தை மறந்துவிடுமோ என்று இன்னொரு பயம். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது அவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் மறுபேச்சே பேசாமல் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம். இங்கிலாந்தில் வேலை பார்த்தாலும் அவள் அந்தத் தெருவில் பிறந்தவள். காமாலையோடு தூணில் சாய்ந்து நின்றவரின் பெண்.

"அப்பா சொல்றது சரிதான்னா. எடத்த விடக் கூடாது" என்றாள். பிறகு, நான் அதுவரை அவளிடம் கேட்டிராத ஒரு குரலில், "பயமா இருக்குன்னா. வான்னு மட்டும் சொல்லிடாதீங்கோ. நீங்கோ சொன்னா வந்துடுவேன்" என்றாள்.

வா என்று சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் துடித்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

டிக்கெட்டை ரத்து செய்தாள். கருட சேவை அன்று நான் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். மாமனார் கோஷ்டியோடு எங்களைக் கடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த செய்திகளில் எதுவும் நல்லதில்லை. நம் ஊர் டாக்டர்கள் லண்டனில் ஊர்வலம் போனார்கள். விதி மாறவில்லை. சிறையிலிருந்து வெளியே விட்ட வெளிநாட்டுக் கைதிகளை நாடு கடத்த மறந்துபோன விவகாரம் வெடித்து, உள்துறை அமைச்சரின் பதவி போனது. உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சி நன்றாக உதைபட்டது. உதைபட்டவர்கள் இன்னும் பயந்தார்கள். புதிதாக வந்த அமைச்சர் பழையவரைவிடத் தான் கறாரானவர் என்று காட்ட வேண்டியிருந்தது. வேலை கிடைக்காத டாக்டர்கள் கிழக்கு லண்டனில் ஒரு கோயிலில் அன்னதானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதாகப் படித்தேன். மாமனாரிடம் சொன்னேன். அன்று அவர் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

அவள் நின்றாள். விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டாள். ஆடியில் முடிய வேண்டிய வேலையை ஆஸ்பத்திரிக்காரர்கள், ஆள் போதவில்லை என்று, இன்னும் சில மாதம் நீட்டினார்கள். "பாத்தேளா?" என்றார் மாமனார். நானும் நம்பினேன். ஆனால் விண்ணப்பங்களை அலசியவர்கள், இவள் எத்தனை இரவு கண்விழித்தாள், எத்தனை நாளாக அங்கே நிற்கிறாள் என்று பார்க்கவே இல்லை. முதலில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று பார்த்தார்கள், பிறகு விண்ணப்பக் கட்டிலிருந்து அவளுடையதை எடுத்து ஓரமாக வைத்தார்கள். ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். வழக்கம் என்ன என்று கேட்கிற ஜட்ஜ் எவரும் அந்தப் பக்கம் வரவில்லை.

இங்கே குழந்தை வளர்ந்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் போனைப் பிடுங்குவாள். பிறகு "சாப்டேன்" என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். ஐப்பசி வாக்கில், போன் மணி அடித்தாலே பக்கத்து வீட்டு மாமியிடம் ஓடத் தொடங்கினாள். தூங்கிவிட்டாள் என்று என் மனைவியிடம் பொய் சொன்னேன். "மத்தியானத்துல இவ்ளோ தூங்கறாளா?" என்று அவள் டாக்டராகக் கவலைப்பட்டாள்.

மார்கழியில் அவள் திரும்பி வந்தாள். ஒரேயடியாக. மாமனாரையும் கிளம்பச் சொன்னேன், "வேண்டாம், நீங்களே போயிட்டு வாங்கோ" என்று ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். நானும் குழந்தையும் மட்டும் டாக்ஸி பிடித்து மீனம்பாக்கம் போனோம். வழியெல்லாம் "அம்மா வரா, அம்மா வரா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். குழந்தையும் திருப்பிச் சொன்னாள்.

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். இளைத்து, முடியை வெட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை வீறிட்டு அலறி, என் காலுக்குப் பின்னால் போய் வேட்டியை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாடி, அம்மாதான், போ" என்று நான் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதீங்கோ" என்றாள் என் மனைவி. "பயந்த கொழந்தைய இழுக்கக் கூடாது."

நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டாள். அத்தனை பேர் போகிற வழியில், கொஞ்சம் தள்ளித் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குழந்தையின் முகத்தைப் பார்க்காமல், தன் செருப்பு வாரைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டாள். பெட்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. அலறல் விசும்பலாகி, விசும்பல் நிற்கும்வரை அப்படியே இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், ஆஸ்பத்திரியில் முதல்முறை வருகிற எல்லாக் குழந்தைகளிடமும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"உன் பேர் என்ன?"

என் பெண் வேட்டியை விலக்கி அவளைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"சொல்லலாமாப்பா?" என்றாள்.